ஆற்றைத் தனியே கடந்தவன் யார்?



தம்பி, ஜெபித்தும் வியாதி தீரவில்லையென்றால் விசுவாசம் குறைவு என்றுதானே அர்த்தம் என்று கேட்டிருக்கிறாய். கன்வென்ஷன் பந்தல்களில் ஒலிக்கும் இந்தப் பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. யோபுவின் நண்பர்களும் இதைத்தான் பேசினார்கள். புத்தகத்தின் முடிவில் கடிந்துகொள்ளப்படுகிறவர்கள் அவர்கள்தாம், யோபு அல்ல. டோனாவூரில் மிஷனெரியாயிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்தார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். அவருடைய விசுவாசத்தை அளக்க எந்தப் பிரசங்கியாருக்கும் துணிச்சல் கிடையாது. உன்னிடம் மட்டும் முழக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

விசுவாசத்தை ஒருவனுடைய நெஞ்சுக்குள் பூட்டிவைத்த தனிச்சொத்தாக நினைப்பதுதான் இந்தப் பிழைக்கு வேர். திருநெல்வேலிச் சபையின் வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. இங்கே விசுவாசம் முதலில் கொண்டுவந்தது துன்பத்தைத்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் சொந்த ஊரில் இருக்க முடியாதபடி விரட்டப்பட்டபோது, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799இல் அவர்களைச் சாத்தான்குளம் பக்கம், தாமிரபரணிப் பாசனம் எட்டாத தேரிக்காட்டு நிலத்தில் குடியேற்றினார். முதலூர் அப்படித்தான் உண்டானது. பிறகு சில ஆண்டுகள் மிஷனெரிகளின் கவனிப்பு ஏறக்குறைய அற்றுப்போயிற்று. 1816இல் பாளையங்கோட்டைக்கு வந்த பட்டாளத்துக் குருவானவர் ஜேம்ஸ் ஹஃப் தேடிப் பார்த்தபோது, முதலூரும் நாசரேத்தும் கிறிஸ்தவ ஊர்களாகவே நின்றன. தனித்தனி ஆட்களாகச் சிதறியிருந்தால் இது நடந்திருக்குமா? மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830இல், துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தவே தர்ம சங்கம் தொடங்கப்பட்டது. சோறு பொங்கும்போதெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் சபைக்கென்று எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியும் இதே மரபுதான். அந்த அரிசியை எடுத்துவைக்கிறவளின் அன்றைய மனநிலை எப்படியிருந்தாலும் அடுத்த வீட்டு அடுப்பு எரியும்.

இதையே ஒரு கதையும் சொல்கிறது. ஆங்கில எழுத்தாளர் பனியனின் மோட்சப் பயணத்தை நீ படித்திருப்பாய். கரையிருப்பில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத்தான் தழுவி இரட்சணிய யாத்திரிகமாகப் பாடி, 1894இல் வெளியிட்டார். கம்பனில் ஊறிய வைணவப் புலமை அதன் ஒவ்வொரு விருத்தத்திலும் தெரியும். நான் சொல்ல வந்தது பனியனின் கதை முடிவில் வரும் ஆறு. மனைவி மக்களை விட்டுக் கிளம்பிய கிறிஸ்தியான், சேற்றையும் சிறையையும் தாண்டியவன், கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பயந்து மூழ்குகிறான். அந்த நிமிஷத்தில் அவனிடம் விசுவாசம் ஏறக்குறைய இல்லை. கூட வந்த தோழன்தான் தலையைத் தண்ணீருக்குமேல் தாங்கிப் பிடிக்கிறான். பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு கிடந்த பனியன் தெரியாமலா அப்படி எழுதினார்?

அரிசிக்கும் நிலத்துக்கும் சேர்ந்த கூட்டம்தானே என்று சிலர் கேட்பார்கள். 1877 பஞ்சத்தில் திரளாக வந்தவர்களைப் பற்றி அப்படிக் கேட்கலாம், அதில் தவறில்லை. ஆனால் 1799இல் வந்தவர்கள் இழந்தார்கள், பெறவில்லை. மனிதர்களே தாங்கினால் கடவுள் எதற்கு, சாதிசனம் போதாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. சாதிசனம் தன் ரத்தத்தைத்தான் தாங்கும். அது வெளியே தள்ளியவனைத் தாங்க, ரத்தத்துக்கு அப்பாற்பட்ட ஒரு கட்டளை வேண்டியிருந்தது. அந்தக் கட்டளையை நம்பியதால்தான் தர்ம சங்கம் பிறந்தது. அதே சபைக்குள் சாதி வந்து உட்கார்ந்த இடங்களில் தாங்குவதும் நின்றுபோயிற்று. அது என் வாதத்துக்கு எதிரானதல்ல, சாட்சிதான்.

விசுவாசம் பலவீனனின் ஊன்றுகோல் என்று உன் விடுதி நண்பன் சிரிக்கிறானாமே. 1684இல் வந்த, பனியனின் இரண்டாம் பாகத்தை அவனுக்குப் படித்துக் காட்டு. அதில் கிறிஸ்தியானுடைய மனைவி பிள்ளைகளோடு ஒரு கூட்டமாகப் போகிறாள். அக்குளில் கோல் ஊன்றிய நொண்டி ஒருவன், மனம் தளர்ந்த நோஞ்சான் ஒருவன் எல்லாரும் அதில் உண்டு. என்னால் உங்களோடு நடக்க முடியாது என்று அந்த நோஞ்சான் பின்வாங்கும்போது, உனக்காகக் காத்திருப்போம் என்கிறான் வழிகாட்டி.