ஏரிக்காற்றும் சிறு பாய்மரப் படகும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

தாம்பரத்தைச் சுற்றி ஏரிகளுக்குக் குறைவில்லை. சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், பீர்க்கன்கரணை என ஊருக்கு ஓர் ஏரி உண்டு. ஆயினும் நீரைக் கண்டால் விலகி நிற்கவே பெண்பிள்ளைகளாகிய நாம் பழகியிருக்கிறோம்.

பாய்மரப் படகு நமக்குப் புதியதன்று. கரிகாலனின் முன்னோர் ஒருவர் காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்திய திறத்தைப் புறநானூற்றின் 66-ஆம் பாடலில் போற்றியவர் வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர். நம் காலத்தில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைப் பெற்றார். 2021-இல் டோக்கியோவிலும், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் கலந்துகொண்டார்.

டோக்கியோவில் அவர் ஓட்டியது லேசர் ரேடியல் என்னும் ஒருவர் படகு. நீளம் சுமார் 4.2 மீட்டர், உடற்பகுதியின் எடை ஏறத்தாழ 59 கிலோ. பாய்மரத்தைக் கழற்றிவிட்டால் இழுவண்டியில் ஏற்றி எந்த நீர்நிலைக்கும் கொண்டு செல்லலாம்.

கடற்காற்று பெரும்பாலும் சீராக வீசும். ஏரிக்காற்று அப்படியன்று. கரையிலுள்ள மரங்களிலும் குன்றுகளிலும் கட்டடங்களிலும் மோதி உடைந்து, விட்டுவிட்டு, திசை மாறி வீசும். காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின் மீது அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று 20 ஆகும்போது படகு சட்டென்று சாய்வது இதனால்தான்.

எனவே, முதலில் நீரைப் பார்க்க வேண்டும். நீர்ப்பரப்பில் கருமையான சிற்றலைகள் நம்மை நோக்கி விரைந்து வந்தால், பலத்த காற்று வருகிறது என்று பொருள். உடனே காற்று வரும் பக்கத்து விளிம்பில் அமர்ந்து, உடலை வெளியே சாய்க்க வேண்டும். அதுவும் போதாவிடில் பாய்க்கயிற்றைத் தளர்த்த வேண்டும். அத்துடன் சுக்கான் பிடியைச் சற்று அப்பால் தள்ளினால், படகின் முகம் காற்றை நோக்கித் திரும்பும், சாய்வு குறையும். காற்று தணிந்ததும் கயிற்றை மெல்ல இழுத்துக்கொள்ளலாம். பலத்த காற்றில் பாய்க்கயிற்றை ஒருபோதும் கட்டிவைத்தல் கூடாது. அது கையிலேயே இருக்க வேண்டும்.

படகு கவிழ்ந்தாலும் அதை விட்டு நீந்திச் செல்லக் கூடாது. கரை அருகில் தோன்றும். கைகளோ விரைவில் சோர்ந்துவிடும். மிதக்கும் படகே நமக்குத் துணை. அதன் முகத்தைக் காற்றை நோக்கித் திருப்பி, அடியில் நீட்டி நிற்கும் நடுப்பலகை மீது ஏறி, விளிம்பைப் பிடித்து இழுத்தால் படகு நிமிரும்.

தோழியரே! நம் ஊர் ஏரிகளில் சேறும் ஆகாயத்தாமரையும் உண்டு. நீச்சலும் மிதவைச் சட்டையும் பயிற்சியாளரும் இன்றி எவரும் நீரில் இறங்கலாகாது. பெற்றோர்களே! நீரைக் காட்டி எங்களை அச்சுறுத்துவதோடு நின்றுவிடாமல், நீச்சல் கற்றுத் தாருங்கள். அச்சம் எங்களைக் கரையில் நிறுத்தும். தவறி விழுந்தால் உயிர் காப்பது பயிற்சி ஒன்றே.