குடி செய்ததா, அவர் செய்தாரா?

இரவில் ஒரு வீட்டில் அடிதடிச் சத்தம் கேட்டால், மறுநாள் காலையில் நாம் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: "நல்ல மனுசன்தான், குடிச்சா மட்டும் இப்படி." அடிபட்ட பெண்ணிடமும், "போதையில செஞ்சதும்மா, மனசுல வெச்சுக்காத" என்கிறோம். சமாதானம் செய்வதாக எண்ணி நானும் பலமுறை அப்படிச் சொன்னவன்தான். அது தவறு.

யோசித்துப் பாருங்கள். சாராயக்கடையிலிருந்து தள்ளாடி வருகிறவர் வழியில் போலீசாரைக் கண்டால் வாய் திறப்பதில்லை. கடன் கொடுத்தவரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார். தாங்கல் வாசலில் குரலை அடக்குகிறார். வீட்டுக்குள் போனதும் கையை ஓங்குகிறார். யாரிடம் காட்டலாம், யாரிடம் கூடாது என்பது போதையிலும் தெரிகிறது.

மெக் ஆண்ட்ரூ, எட்ஜர்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பல நாட்டு மக்களை ஒப்பிட்டு 1969-ல் ஒரு நூல் எழுதினார்கள். குடித்தவர் நடந்துகொள்ளும் விதம், அந்தச் சமூகம் எதைப் பொறுத்துக்கொள்கிறது என்பதைப் பார்த்தே அமைகிறது என்றார்கள். நம் சட்டமும், தானாக விரும்பிக் குடித்தவருக்குப் போதையை மன்னிப்பாகத் தருவதில்லை. நாம்தான் தருகிறோம்.

இதை ஊர் கூடித்தான் மாற்ற முடியும். இலங்கைக் கிராமம் ஒன்றில் தெருநாடகம், சுவரொட்டி, துண்டறிக்கை, வீட்டுப் பேச்சு என்று மக்களிடம் எடுத்துச் சொன்னபோது குடி குறைந்தது என 2013-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வாகைப்பதியில் அய்யா 700 குடும்பங்களைத் துவையல் தவத்தில் ஒன்றாக வைத்ததும் இதற்காகத்தான். ஒருவர் ஒழுக்கத்துக்கு அனைவரும் துணை.

நாம் செய்யக்கூடியவை:

1. குடித்திருக்கும்போது வாதாட வேண்டாம். பெண்ணையும் பிள்ளைகளையும் முதலில் பாதுகாப்பான வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண்.

2. மறுநாள் தெளிந்திருக்கும்போது பெரியவர்கள் இருவர் போய், "நீ செய்தாய்" என்று நேராகச் சொல்லுங்கள். குடிமீது பழி போட விடாதீர்கள்.

3. குடிகாரர் கூத்தைப் பார்த்துப் பிள்ளைகள் முன் சிரிக்காதீர்கள்.

4. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது நமக்குள் இருக்கும் அய்யாவை வணங்குகிறோம். அடிபடுகிறவளுக்குள்ளும் அதே அய்யா இருக்கிறார். இதை நினைவில் வைத்தவர், இனி யார் வீட்டுச் சத்தத்துக்கும் சாக்குச் சொல்ல மாட்டார்.

அய்யா உண்டு.