நிறத்தை மாற்றிய கருவி

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் விழித்தெழுந்தபோது, அன்று விடியவே இல்லை என்று தோன்றியது. கலிபோர்னியக் காடுகளில் பல நாள்களாக எரிந்துகொண்டிருந்த தீயின் புகை வானின் மேலடுக்கை மூடியிருந்தது. புகைத்துகள்கள் கதிரவன் ஒளியின் நீலப் பகுதியைத் தடுத்துச் சிதறடித்தன. ஆரஞ்சும் சிவப்புமே பெரும்பாலும் தரையை எட்டின. பகலிலும் தெருவிளக்குகள் எரிந்தன.

வியப்பும் அச்சமும் கொண்ட மக்கள் திறன்பேசிகளை உயர்த்திப் படமெடுத்தனர். பலருடைய திரையில் தோன்றியதோ, மேகமூட்டம் மிகுந்த சாம்பல் நிற நாள்! கண் கண்டதைக் கருவி காட்ட மறுத்தது.

கருவி பழுதுபடவில்லை, தனக்கு இடப்பட்ட பணியைத்தான் செய்தது. வெள்ளைத் தாளை வெயிலில் பார்த்தாலும் குண்டுவிளக்கின் மஞ்சள் ஒளியில் பார்த்தாலும் மனித மூளை அதனை வெள்ளையென்றே உணர்கிறது. படக்கருவியின் உணரிக்கு அத்திறன் இல்லை. எனவே, ஒளியின் சாயலைக் கணித்து நீக்கும் ஏற்பாடு கருவிக்குள் அமைக்கப்பட்டுள்ளது. இதனை வெண்சமநிலை என்பர். காட்சியிலுள்ள நிறங்கள் யாவும் கலந்தால் ஏறத்தாழச் சாம்பல் நிறம் கிடைக்கும் என்பது போன்ற ஊகங்களே தானியங்கு முறைக்கு அடிப்படை. அன்று காட்சி முழுவதும் ஆரஞ்சாக இருந்தது. அதனை நீக்க வேண்டிய குறை என்று கருதிய கருவி, நீலத்தைக் கூட்டிச் சமன்செய்துவிட்டது.

இங்குதான் கைமுறைக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது. ஆண்ட்ராய்டு திறன்பேசிகள் பலவற்றில் இது 'புரோ' என்னும் பெயரில் உள்ளது. இல்லாதவற்றில் தனிச் செயலிகள் உதவும். அதில் வெண்சமநிலை கெல்வின் என்னும் அலகால் குறிக்கப்படும். மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1900, குண்டுவிளக்கு 2700, நண்பகல் வெயில் 5500 கெல்வின். எண்ணை 5500இல் நிலைநிறுத்தினால், வந்துசேரும் ஒளியை வெயிலாகவே கொண்டு கருவி பதிவுசெய்யும், தானாகத் திருத்தாது. ஆரஞ்சு வானம் ஆரஞ்சாகவே நிற்கும். ஆனால் எண்ணை 8000க்கு உயர்த்தினால் வானம் இருந்ததைவிடவும் சிவந்து தெரியும். பொய்யைத் தவிர்க்கத் தந்த திருகே பொய்யைப் பெருக்கவும் பயன்படும் என்பதைப் படமெடுப்போர் மறத்தலாகாது.

வெளிச்சத்திலும் இதே சிக்கல் எழும். தானியங்கு முறை, இருண்ட காட்சியை வெளிச்சமாக்கவே முயலும். கருங்கல் சிலையை வெளிறச் செய்யும். வெண்பனியை மங்கச் செய்யும். திறன்பேசிகள் பெரும்பாலானவற்றில் லென்சின் துளை மாறாதது. ஆகவே, ஒளியளவை ஆள்வதற்கு எஞ்சியவை இரண்டே: ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓ எண்ணும். ஷட்டர் நேரத்தை 1/60 நொடியிலிருந்து 1/30க்கு மாற்றினால் உணரியில் விழும் ஒளி இரு மடங்காகும். ஆயினும் நடந்து செல்வோர் உருவம் கலங்கும். ஐஎஸ்ஓவை 100இலிருந்து 200ஆக உயர்த்தினாலும் படத்தின் வெளிச்சம் இரு மடங்காகும். ஆனால் உணரி பெற்ற ஒளி கூடுவதில்லை, அதன் குறிப்பலையே பெருக்கப்படுகிறது. எண் மிகமிகப் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும். திறன்பேசியின் உணரி சிறியது; ஆதலால் இக்குறை விரைவில் வெளிப்படும். அசையாப் பொருளுக்கு ஐஎஸ்ஓவைக் குறைத்து, பேசியைச் சுவரிலோ மேசையிலோ சாய்த்து, நீண்ட நேரம் ஒளியை ஏற்கச் செய்வதே நன்று.

திருமண வீட்டிலும் கடைத்தெருவிலும் வெண்சமநிலையைச் சரிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. வெள்ளைத் தாளைக் காட்சியில் பிடித்து, அது வெள்ளையாகத் தெரியும்வரை எண்ணை நகர்த்துவர். சான் பிரான்சிஸ்கோவில் அன்று இவ்வழியைக் கையாண்டவர்க்கும் சாம்பல் வானமே கிடைத்திருக்கும். தாள் வெள்ளையாக வேண்டுமெனில், அதன்மீது விழுந்த ஆரஞ்சு ஒளியை நீக்கியாக வேண்டும். அன்று பதிவுசெய்ய வேண்டியிருந்ததோ அந்த ஒளியைத்தான்.