"படம் தெரியலை தம்பி!"
(டி.வி. வைத்திருப்போர் சொல்வதும், உள்ளே நடப்பதும்)

— மின்னணுவியல் பிரிவு, இறுதியாண்டு மாணவன்

டி.வி.யின் பிளாக் டயகிராமை ஸ்கேல் வைத்து வரைந்து மார்க் வாங்க நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு வீட்டுக்காரர் வந்து "முகமெல்லாம் நீலமா தெரியுது தம்பி" என்றால், அந்த நீலம் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வரவில்லை. போன விடுமுறையில் எங்கள் ஊர் சர்வீஸ் கடை ஒன்றில் போய் உட்கார்ந்தேன். கடை அண்ணன் எனக்குக் கொடுத்த முதல் வேலை சால்டரிங் இல்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, "வர்றவங்க என்ன சொல்றாங்களோ, அதை அவங்க வார்த்தையிலேயே எழுது. உன் இங்கிலீஷைக் கலக்காதே" என்றார். அந்த நோட்டிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம். கடைகளில் எல்.இ.டி. டி.வி. என்று விற்பதில் பெரும்பாலானவை எல்.சி.டி. டி.வி.தான். படத்தை உண்டாக்குவது திரவப் படிகப் பேனல், எல்.இ.டி. அதன் பின்னால் நின்று வெளிச்சம் மட்டும் கொடுக்கிறது. பேனல் ஜன்னல் என்றால் எல்.இ.டி. வெயில். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பழுது புரிந்துவிடும்.

நோட்டில் மிக அதிகம் வந்த வாக்கியம் "சவுண்ட் வருது, படம் வரலை" என்பது. பழைய ஆட்கள் "பிக்சர் டியூப் போயிடுச்சா தம்பி?" என்று கேட்பார்கள். டியூப் காலம் மலையேறிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. இந்தப் புகாருக்குப் பெரும்பாலும் பேக்லைட்தான் காரணம். பின்னால் ஸ்ட்ரிப்களில் உள்ள எல்.இ.டி.க்கள் தொடராக, அதாவது சீரியலாக, இணைக்கப்பட்டிருக்கும். நம் கோவில் திருவிழா சீரியல் லைட் மாதிரிதான். ஒன்று ஓபன் ஆனால் கரண்ட் பாதை அறுந்தது. டிரைவர் சர்க்யூட் மாறாத கரண்ட் கொடுக்கப் பார்த்து வோல்டேஜை ஏற்றும். அளவு மீறியதும் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். அதனால்தான் சில செட்டில் ஆன் செய்ததும் ஒரு நொடி பளிச்சென்று படம் வந்து மறைகிறது. "மின்னி மறையுதுப்பா" என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் பத்து வரியில் எழுதியிருப்பதை அவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்!

இதற்குச் சோதனை சுலபம். அறையை இருட்டாக்கி, செட்டை ஆன் செய்து, டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போலச் சாய்த்து அடியுங்கள். மங்கலாக ஆள் நடமாட்டம் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, வெளிச்சம்தான் செத்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்ட்ரிப் மாற்றினால் சரியாகும். மாற்றும்போது செட்டாக மாற்றுவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய எல்.இ.டி.க்கள் அடுத்தடுத்துப் போகும், வெளிச்சமும் ஒரே சீராக இராது.

நீல முகத்துக்கும் காரணம் இதே இடத்தில்தான். வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. சூட்டில் பாஸ்பர் கெட்டால் அடியிலுள்ள நீலம் எட்டிப் பார்க்கும். மெனுவில் கலரை எவ்வளவு திருகினாலும் சரிவராது. திரையில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? எல்.இ.டி. மேல் ஒட்டிய லென்ஸ் பசை விட்டு விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் சூடுதான் எதிரி. கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக வைக்கும் 'விவிட்' மோடிலேயே, பேக்லைட் 100-இல், வீட்டிலும் வருஷக்கணக்காக ஓட்டுகிறோம். 60, 70-க்கு இறக்கினால் கண்ணுக்கும் சுகம், ஸ்ட்ரிப்புக்கும் ஆயுசு.

கோடு விழுவது வேறு சங்கதி. மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு நிரந்தரமாக நின்றால், பேனல் ஓரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய பிலிம் ரிப்பனில் பிடிப்பு விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அது சால்டர் வேலை இல்லை. சூடும் அழுத்தமும் கொடுக்கும் பாண்டிங் மெஷின் வேண்டும். இதில் நம்ம ஊர் பழக்கம் ஒன்று சேர்கிறது. ஆயுத பூஜை, பொங்கல் வந்தால் டி.வி.யை ஈரத்துணியால் குளிப்பாட்டிவிடுகிறோம். தண்ணீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கி ரிப்பனை அரித்துவிடுகிறது. "பொட்டு வச்சேன், அன்னிக்கே கோடு வந்துச்சு" என்றார் ஒரு அம்மா. பொட்டின் மேல் தப்பில்லை, அதற்கு முன்னால் தெளித்த தண்ணீரின் மேல்தான் தப்பு. துணியில் லேசாக ஈரம் தொட்டுத் துடைக்கலாம். திரை மேல் நேராகத் தெளிக்கக் கூடாது.

இனி, பழுதே இல்லாத பழுதுகள். "கடையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு, வீட்டுல கலங்கலா இருக்கு, ஏமாத்திட்டாங்க" என்ற கோபம் நோட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. கணக்குப் போடுவோம். சாதாரண எஸ்.டி. சானல் 720 x 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரை 3840 x 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக 20 மடங்கு! வருகிற ஒரு புள்ளியை வைத்து இருபது இடத்தை நிரப்ப வேண்டும். ஒரு ஆள் சோற்றை இருபது பேருக்குப் பந்தி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் படமும் இருக்கும். சிலர் எச்.டி. பாக்ஸ் வாங்கிவிட்டு, பழைய மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரிலேயே மாட்டியிருப்பார்கள். எச்.டி.எம்.ஐ. ஒயர் மாட்டினால் அங்கேயே முடிகிற வழக்கு இது.

மழை வந்தால் "படம் கட்டம் கட்டமா உடையுது" என்பதும் செட்டின் குற்றம் இல்லை. டிஷ்ஷுக்கு வரும் கே.யூ. பேண்ட் அலையை மழைத்துளி விழுங்கிவிடுகிறது. பழைய அனலாக்கில் சிக்னல் குறைந்தால் கொசு பறக்கும், ஆனாலும் ஆள் தெரியும். டிஜிட்டலில் ஒரு அளவு வரை பளிச், அதற்குக் கீழே பொத்தென்று விழும்.

அண்ணனிடம் திட்டு வாங்கிக் கற்ற ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று பவர் போர்டில் கை வைக்காதீர்கள். 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் பெரிய கண்டென்சரில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும், பவர் ஃபேக்டர் சர்க்யூட் இருந்தால் இன்னும் கூடும். ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடவும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வீரம் இல்லை.

நோட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை நான் பேனாவால் சுற்றி வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் இட்லிக் கடை போடும் அக்கா சொன்னது: "ராத்திரி லைட்டை அணைச்சா நிழல் மாதிரி ஆளு தெரியுதுப்பா." நான் கடைக்குப் போன முதல் வாரம் அது. அண்ணன் வெளியே போயிருந்தார். எனக்கோ டிப்ளமோ கெத்து. செட்டைத் திறக்காமலே, "பேனல் போச்சுக்கா, செலவு பண்றது வேஸ்ட்" என்று சொல்லிவிட்டேன். அக்கா அதைப் பழைய இரும்புக்காரரிடம் 300 ரூபாய்க்குப் போட்டுவிட்டு, தவணையில் புது செட் வாங்கினார்.

பத்து நாள் கழித்து அண்ணன் டார்ச் சோதனையைச் சொல்லிக் கொடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த அக்கா டார்ச் இல்லாமலே சோதனையை முடித்து, விடையையும் என் கையில் கொடுத்திருக்கிறார். அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. "போய் நேர்ல சொல்லிட்டு வா" என்றார்.

போனேன். ஆவி பறக்கும் இட்லிப் பானைக்குப் பக்கத்தில் நின்று, "அக்கா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க பழைய டி.வி.யைச் சரி பண்ணியிருக்கலாம்" என்றேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. துணியைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, "இன்னும் ஏழு தவணை இருக்கு தம்பி" என்றார். பிறகு, "அது கிடக்கட்டும். புதுசுல எல்லாரும் குண்டு குண்டா தெரியறாங்க, அது என்னன்னு பாரு" என்றார்.

இந்த முறை உள்ளே போய், செட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். பழைய 4:3 படத்தை 16:9-க்கு இழுத்து வைத்திருந்தார்கள். மெனுவில் அளவை மாற்றினேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது, ஆட்கள் ஒல்லியானார்கள். அக்கா எட்டிப் பார்த்து, "இப்ப படம் சின்னதாயிடுச்சே!" என்றார். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.