ஓகே பிறந்த விதம்

அன்புள்ள தங்கைக்கு,

'ஓகே' என்ற சொல்லுக்கு இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய அச்சுச் சான்று, 1839 மார்ச் 23 அன்று அமெரிக்காவில் வெளியான 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் உள்ளது. வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதி, முதலெழுத்துகளை மட்டும் அச்சிடும் வேடிக்கை அந்நாளைய பத்திரிகைகளில் நடந்துவந்தது. 'எல்லாம் சரி' என்னும் பொருள்தரும் 'ஆல் கரெக்ட்' முறையாகச் சுருங்கினால் ஏ, சி என்றாகும். பிழையோடு சுருங்கியதால் ஓ, கே ஆயிற்று. எல்லாம் சரி என்று சொல்லும் சுருக்கமே தப்பாக இருப்பதுதான் அதிலுள்ள குறும்பு. 'ஆல் ரைட்' என்பதும் இதே வழியில் ஓ.டபிள்யூ. ஆகி, சீக்கிரமே வழக்கொழிந்தது.

ஓகே பிழைத்ததற்குக் காரணம் 1840 அதிபர் தேர்தல். அதில் மீண்டும் போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹுக் ஊர்க்காரர். 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்ற அவருடைய பட்டப்பெயருக்கும் முதலெழுத்துகள் ஓ, கே என்பதால் ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். எதிரணி சும்மா இருக்கவில்லை. முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, கோப்புகளில் ஓ.கே. என்று கிறுக்கியவர் அவரே என்று கதை கட்டியது. வான் பியூரன் தோற்றார். அவருக்காக முழங்கிய சொல் நாடெங்கும் பரவியது. பின்னர் தந்திக்காரர்களுக்கும் இரண்டே எழுத்தில் முடியும் இந்த ஒப்புதல் வசதியாக அமைந்தது.

பிறப்புச் சான்று மறந்துபோனதும் பலர் உரிமை கொண்டாடினார்கள். 'எல்லாம் நலம்' என்னும் கிரேக்கத் தொடர், மேற்கு ஆப்பிரிக்க மொழிச் சொற்கள் என்று பட்டியல் நீளும். சோக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்ததாக நம்பிய அதிபர் உட்ரோ வில்சன், அதற்கேற்பவே எழுத்துக்கூட்டி எழுதினார். 1963-64இல் மொழி ஆய்வாளர் ஆலன் வாக்கர் ரீட் பழைய நாளிதழ்களைத் துருவி எழுதிய கட்டுரைகள் இந்த வழக்கை ஏறக்குறைய முடித்துவைத்தன. ஒலி ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். தேதியிட்ட அச்சுக்கு முன்னால் அது நிற்காது. ஓக்லஹோமா மாநிலத்தின் அஞ்சல் சுருக்கமும் ஓ, கே தான். அந்தப் பெயர் சோக்டா மொழியில் 'செம்மக்கள்' என்று பொருள்படும். நாம் சொல்லும் ஓகேக்கும் அதற்கும் உறவில்லை.

பொருளிலும் இச்சொல் ஓரிடத்தில் நிற்பதில்லை. 'வரன் ஓகே ஆயிடுச்சு' என்றால் சம்மதம். 'படம் ஓகே' என்றால் சுமார்தான். பாராட்டு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே. 'ஓகே, அப்புறம்?' என்பதில் சம்மதமும் இல்லை, மதிப்பீடும் இல்லை. பேச்சை அடுத்ததற்குத் தள்ளும் வேலை மட்டுமே.

பாஸ்டன் பத்திரிகைக்காரர்களின் முதலெழுத்து வேடிக்கை தமிழ்த் திரையுலகிலும் நடந்திருக்கிறது: 2012இல் வெளிவந்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி' படத்தை ரசிகர்கள் 'ஓகே ஓகே' என்றே அழைத்தார்கள்.

அன்புடன்,
அண்ணன்