புதுத் துகள் தேடும் இளம் ஆய்வாளருக்கு

திண்டுக்கல் சமவெளியின் காற்றை ஆராயப் புறப்படும் இளம் வளிமண்டல ஆய்வாளருக்கு,

காற்றிலுள்ள துகள்கள் எல்லாம் தரையிலிருந்து எழுந்த தூசியும் புகையும் அல்ல. வாயு நிலையிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றுகூடி, ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் புதிதாகப் பிறப்பவையும் உண்டு. அவை 50 முதல் 100 நானோமீட்டர் வரை வளர்ந்தால்தான் மேகத்துளிக்கு வித்தாக முடியும் என்பதால், பிறப்பையும் வளர்ச்சியையும் இரு வேறு கேள்விகளாகக் கொள்வதே முறை.

பிறப்பில் முதன்மையானது, கந்தக டைஆக்சைடு வெயிலில் ஆக்சிஜனேற்றம் அடைவதால் உண்டாகும் கந்தக அமிலம். பென்சாயிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் அதற்குத் துணைநின்று துகளாக்கத்தைத் தூண்டுவதை வளிமண்டல ஆய்வாளர் ரென்யி ஜாங் குழுவினர் 2004இல் ஆய்வகத்தில் காட்டினர்: இரு அமிலங்களின் மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பற்றிக்கொள்வதால், உடனே கலைந்துவிடக்கூடிய மூலக்கூறுக் கொத்து நிலைபெறுகிறது. ஆனால் அப்பற்றுதலிலேயே பிணைப்பு இடங்கள் செலவாகிவிடுவதால், பிறப்பை எளிதாக்கும் அதே அமிலம் வளர்ச்சிக்கும் உதவும் என்று கொள்ள இயலாது.

இளம் ஆய்வாளர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. காற்றில் மிகுதியாகக் கிடைப்பவை ஃபார்மிக், அசெட்டிக் அமிலங்கள். அவை எளிதில் ஆவியாவதால் சிறு கொத்தில் தங்குவதில்லை. மழைநீரில் அவற்றை அளந்து, அளவு கூடியிருக்கிறது என்பதற்காகத் துகள் பிறப்புக்கு அவையே காரணம் என்று எழுதுவது பிழையாகும். கரிம அமிலம் என்ற பொதுப்பெயரை விட்டு, எந்த அமிலம், எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

திண்டுக்கல்லுக்கெனத் தனிக் கேள்விகளும் உள்ளன. இங்கு நடைபெறும் தோல் பதனிடுதலில் சுண்ணாம்பு நீக்கும் கட்டத்தில் அம்மோனியம் உப்புகள் பயன்படும்போது வெளியேறும் அம்மோனியா, கந்தக அமிலக் கொத்துகளைக் கரிம அமிலங்களின் உதவியின்றியே நிலைப்படுத்த வல்லது. ஆகவே அமிலங்களுடன் அம்மோனியா போன்ற காரங்களையும் அளக்காத ஆய்வு, ஒன்றின் விளைவை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடும். அருகிலுள்ள சிறுமலைக் காட்டின் மரங்கள் வெளிவிடும் ஆவிகள் ஆக்சிஜனேற்றமடைந்து எளிதில் ஆவியாகாத சேர்மங்களாக மாறக்கூடும் என்பதால், நகரில் ஒன்றும் மலையடிவாரத்தில் ஒன்றுமாக இரு அளவிடுமிடங்கள் அமைத்து, காற்றின் திசையோடு சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்.

தூசி மிகுந்த நாளில், ஏற்கெனவே உள்ள துகள்களே ஆவிகளை உறிஞ்சிக்கொள்வதால் புதுத் துகள்கள் பிறப்பது அரிது. மழை கழுவிய மறுநாளின் வெயிலே அப்பிறப்பைக் காண ஏற்ற பொழுது. துகளின் அளவு மணிக்கணக்கில் வளர்வதைக் காட்டும் வரைபடத்தை அதன் வடிவம் கருதி உலக ஆய்வாளர்கள் வாழைப்பழம் என்றே அழைக்கின்றனர். நெடுஞ்சாலை டீசல் புகையோ அவ்வாறு படிப்படியாக வளராமல் திடீரெனக் கூடிக் குறையும். துகள் எண்ணும் கருவி 10 நானோமீட்டருக்கு மேல்தான் காணும் என்றால், அதன் பதிவைப் பிறப்பு என்று எழுதாமல், வளர்ந்த துகள்களின் வருகை என்றே எழுத வேண்டும்.