குளிர்காலத்துக்கு ஒரு குல்லாயும் ஒரு ரசமும்

மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலம், குன்னூர்ப் பகுதிகளில் உறைபனி விழுகின்றது. தேயிலைக் கொழுந்து பனியில் கருகுவதை நாம் அறிவோம். செடியைக் காக்க நாம் காட்டும் அக்கறையை வீட்டிலுள்ள குழந்தைகளிடமும் முதியோரிடமும் காட்டுகின்றோமா என்பதே இப்பாடத்தின் கேள்வி.

குளிர் பொறுக்காமல் சிலர் கரியடுப்பைப் படுக்கையறையில் வைத்து, கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு உறங்குகின்றனர். இது உயிருக்கு உலை வைக்கும் பழக்கமாகும். கரித் தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவுக்குரிய இடத்தை அது பிடித்துக்கொள்கின்றது. உறங்குபவர் விழிக்காமலே மடியக்கூடும். மலையூர்களில் இத்தகைய மரணங்கள் நேர்ந்துள்ளன. ஆகவே, தணலை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, உடற்சூட்டைக் காக்கும் இரண்டு வழிகளைக் கற்போம்.

கம்பளிக் குல்லாய்

கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அதன் சுருண்ட இழைகளுக்கிடையே காற்று அசையாமல் தங்கி, உடற்சூடு வெளியேறாதவாறு தடுக்கின்றது. ஆகையால் பின்னலை மிக இறுக்கமாகப் போடுதல் கூடாது.

பாவு போடுமுன் இழைக் கணக்குப் பார்க்காத நெசவாளர் உண்டோ? பின்னலுக்கும் அக்கணக்கு வேண்டும். 4 மில்லிமீட்டர் ஊசியில் 30 கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசைகளிலும் ஒரே வகைக் கண்ணி போட்டு ஒரு சிறு மாதிரி பின்னுக. அதன் நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணுக. 20 என்று கொள்வோம். தலைச்சுற்றளவு 54 சென்டிமீட்டர் என்றால், பின்னல் இழுபடுமாதலால் 6 சென்டிமீட்டர் குறைத்து, 48 சென்டிமீட்டருக்கு 96 கண்ணிகள் ஏற்ற வேண்டும். உயரம் 24 சென்டிமீட்டர் வந்ததும், ஒரு வரிசையில் இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்து 48 ஆக்குக. அடுத்த வரிசையில் 24 ஆக்குக. மீந்த கண்ணிகளில் நூலைக் கோத்து இறுக்கி, பக்கத்தைத் தைத்துவிட்டால் குல்லாய் ஆயிற்று.

கம்பளி நூலை ஒரே சாயத் தொகுதியில் வாங்குதல் நலம். பிறகு வாங்கும் நூலில் நிறம் சற்றே மாறிவிடும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் மீதம் வீணாகாது. வெந்நீரில் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து துணி சுருங்கிவிடும். ஆறிய நீரில் அலசி, முறுக்காமல், நிழலில் பரப்பி உலர்த்துக.

கொள்ளு ரசம்

நான்கு பேருக்கு 100 கிராம் கொள்ளு போதும். இரவே ஊறவைத்தால் மறுநாள் விரைவில் வேகும்; விறகோ எரிவாயுவோ மிச்சமாகும். புது நீர் ஒரு லிட்டர் வார்த்து, மசியும்வரை வேகவைத்து, நீரைத் தனியே வடித்துக்கொள்க. வெந்த கொள்ளில் இரண்டு கரண்டியை அரைத்து அந்நீரில் கலக்குக. சிறு நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றி, தட்டிய மிளகு, சீரகம், நான்கு பல் பூண்டு, மஞ்சள்தூள், உப்புச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, நுரை கட்டியதும் இறக்கிக் கடுகு, கறிவேப்பிலை தாளிக்க வேண்டும். மீந்த கொள்ளில் துருவிய காரட்டும் வெங்காயமும் சேர்த்துத் தாளித்தால் சுண்டலாகும். ஒரே உலையில் இரண்டு பண்டங்கள், புரதச்சத்தும் கிடைக்கின்றது.

கூடிப் பேசுவதற்கு

1. நம் ஊரில் மூடிய அறையில் கரி மூட்டும் வழக்கம் எந்த வீடுகளில் உள்ளது? அவர்களிடம் யார் எடுத்துச் சொல்வது?
2. கம்பளி நூலைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் அங்கத்தினருக்கு எவ்வளவு மிஞ்சும்?
3. தனித்து வாழும் முதியோர்க்கு ஆளுக்கொரு குல்லாய் பின்னித் தர எத்தனை பேர் முன்வருவர்?